சஹனில் என் பக்கம்

நம்மட மகள் றிஸ்லாட உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நியூயோர்க்கில குளிர் இன்னும் விடல்ல. போனில கதைச்சா என்ட குரல் காட்டிக் குடுத்திடும், அதான் எழுதுறன்.

நீ பெட்டியில வச்சு விட்ட சஹனை நேற்றுத்தான் வெளியில எடுத்தன். நோன்பு திறந்துபோட்டு, நம்மட ஊர் கல்முனைப் பழக்கத்தில சோத்தை அதில நிரப்பிட்டன். ஆறு பேர் சுத்தி இருந்து தின்னுற தட்டு. என்ட பக்கத்தை மட்டும் திண்டன். மற்றப் பக்கத்துக்குக் கை போகல்ல.

அடுத்த அறைச் சீனக்காரர் லியாங்கைக் கூப்பிட்டன். எதிர இருந்து, நான் சொல்லிக் குடுக்காமலே தன்ட பக்கத்தை மட்டும் திண்டார். "எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். எதிர்ப் பக்கம் என்ட மனிசி இருப்பா" எண்டார்.

அவர் இஞ்ச வந்து பத்தொன்பது வருஷம். மனிசிக்கு விசா அடுத்த வருஷம், அடுத்த வருஷம் எண்டே போச்சாம். போன மாசம் அவ சீனாவிலயே மௌத்தாம், சாவுச் சேதிதான் வந்திச்சாம். அதைச் சொல்லிட்டு, தட்டை அவரே கழுவி வச்சிட்டுப் போனார்.

உன்ட விசாவுக்கு வக்கீல் என்ன சொன்னார் எண்டு கேட்டிருந்தாய். அதை விடு. உன்ட பாஸ்போட்டைப் புதுப்பிக்கட்டா எண்டும் கேட்டிருந்தாய். வேணாம் புள்ள. ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் சஹன் வைக்கக்குள்ள என்ட பக்கத்தை விட்டு வை. நானே வாறன்.

மகள்ட வாப்பா