ஓர் எழுத்துக்கு ஆறு மாதம்

மார்ச் 4

கடல் கடந்து காலணி உலகைக் கட்டி ஆளும் என் அருமை மருமகள் ஊசிக்கு,

தோல் வெட்டுவதில் ஏழு கண்டத்துக்கும் சக்கரவர்த்தியும், தற்சமயம் பேருந்து நிலைய வாசலில் பைகளுக்கு ஜிப் மாட்டும் சிற்றரசருமான உன் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தையும் நலம். அவள் நலமாக இருக்கும் சத்தம் உனக்கு அங்கேயே கேட்டிருக்கும்.

போனில் பேசலாமே என்பாய். நான் வாயைத் திறந்ததும் "அப்புறம் கூப்பிடறேன் மாமா" என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. அதற்குத்தான் தபால்தலைக்குச் செலவழிக்கிறேன்.

உன் தொழிற்சாலையில் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து நெஞ்சு விரிந்து விரிந்து இரண்டு சட்டை கிழிந்துவிட்டது. பெட்டிகூடக் கட்டியாயிற்று. ஆனால் நேற்று போலீஸ் சான்றிதழ் வந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "ஒன்றுமில்லை" என்று இருக்கும் இடத்தில் எனக்கு மட்டும் ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்ததும் விசா ஏஜென்ட் நாற்காலியோடு ஒரு மைல் பின்னால் போய்விட்டார்.

"என்னங்க இது? கொலை மிரட்டல்னு போட்டிருக்கு?"

"ஆமா தம்பி. பழைய கம்பெனி மேனேஜரை."

"அப்படி என்ன சொன்னீங்க?"

"உன் தோலை உரிச்சு செருப்பு தெச்சிடுவேன்னு சொன்னேன்."

"இதுக்கா? இதை எங்கப்பா என்னைத் தினம் சொல்வாரே!"

"உங்கப்பாவுக்கு என்ன வேலை?"

"கணக்கு வாத்தியார்."

"அங்கதான் தம்பி இருக்கு சூட்சுமம். நான் நெஜமாவே செருப்பு தைக்கிறவன். கையில தோல் வெட்டற கத்தி வேற இருந்துச்சு. கோர்ட்டு நம்பிடுச்சு."

ஆறு மாதம் உள்ளே இருந்ததையும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். ஈரப் பசையில் தூசி ஒட்டுகிறது என்று பசை அறையின் ஜன்னல்களை எல்லாம் அந்த மேனேஜர் சாத்தச் சொன்னது, அந்த நெடியில் இரண்டு பெண்கள் விழுந்த பிறகும் திறக்காதது, மூன்றாவதாக என் அக்கா மகள் நீயே சுருண்டு விழுந்தது, உன் தலைமாட்டில் நின்று செண்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு "ஒரு நெடியும் இல்லையே" என்று அவன் கேட்டது எல்லாம். ஏஜென்ட் உச்சுக்கொட்டினார். "விளக்கக் கடிதம் ஒண்ணு வேணும்ங்க. நானே எழுதித் தர்றேன், கவலைய விடுங்க" என்றார்.

அது கிடக்கட்டும். இப்போது நீ மேற்பார்வை பார்க்கிற பசை அறையில் ஜன்னல் திறந்திருக்கிறதா? உள்ளபடி எழுது.

இப்படிக்கு,
முடிசூட விமானச் சீட்டுக்குக் காத்திருக்கும்
உன் மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. கடைசி வரி வரை படித்தேன்.

இங்கே வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் காகிதங்களைப் பார்க்க ஓர் அம்மா இருக்கிறார். உங்கள் வழக்கின் தீர்ப்பை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். படித்துவிட்டுக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, "உங்க மாமா இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தனை ஜோடி தெச்சிருக்கார்?" என்று கேட்டார். சிரிக்கவில்லை மாமா. உண்மையாகவே கேட்டார்.

"அது ஒரு பேச்சும்மா, எங்க ஊர்ல கோபம் வந்தா எல்லாரும் சொல்றது" என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "அப்படின்னா சொன்னவரே அதை எழுதித் தரட்டும்" என்கிறார். விளக்கம் எனக்கு வந்து, நான் மொழிபெயர்த்துக் கொடுத்து, இவர்கள் முத்திரை வைத்த பிறகு அங்கே தூதரகத்தில் உங்களை நேரில் கூப்பிடுவார்கள்.

ஏஜென்ட் எழுதியதில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். நீங்கள் எழுதினால் யானை வரும், பூகம்பம் வரும், கடைசியில் நான் கப்பலில் வருவேன், ஊருக்குத் திரும்பி. அடுத்த மாதம் முடிவதற்குள் இங்கே முத்திரை விழாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

இங்கே எல்லாம் வசதியாக இருக்கிறது. பெரிய மின்விசிறி போட்டிருக்கிறார்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஊசி

மார்ச் 26

மாமாவை விற்றுத் தின்னத் துணிந்த மருமகளுக்கு,

ஏஜென்ட் எழுதிய விளக்கம் வந்தது. அதைப் படித்ததும் என் தலையிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். கேள்: "அன்று நான் மதுபோதையில் நிதானம் இழந்து மரியாதைக்குரிய மேலாளரைத் தகாத வார்த்தையால் மிரட்டியதற்கு மனமார வருந்துகிறேன்."

மதுபோதையா? என் ஆயுசில் நான் குடித்த அதிகபட்ச லாகிரி வஸ்து இருமல் மருந்து. உன் அத்தை படித்துவிட்டு, "ஏங்க, எனக்குத் தெரியாம எப்பங்க குடிச்சீங்க?" என்று கேட்டாள் பார், அதற்கே அந்த ஏஜென்டின் தோலை... வேண்டாம். மறுபடியும் ஒரு வரி ஏறிவிடும்.

என் வழக்கு நடந்தபோது இடைவேளையில் அந்த நீதிபதி தன் சேவகரைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "ஃபேன் ஏன்யா ஓடல? கொன்னுடுவேன் உன்னை!" என் இரண்டு காதாலும் கேட்டேன். சேவகர் சிரித்துக்கொண்டே போய் விசையைத் தட்டினார். இடைவேளை முடிந்தது, நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார், எனக்கு ஆறு மாதம் கொடுத்தார்.

இன்னொரு கூத்து. "என் தோலைச் செருப்பாத் தெச்சுப் போட்டாலும் நீங்க செஞ்சதுக்கு ஈடாகாது" என்று சொல்லிப் பார், எதிரில் இருப்பவர் கண் கலங்கிவிடுவார். அதே தோல், அதே செருப்பு, தைப்பவனும் அதே ஆள். "என்" என்பதை "உன்" என்று மாற்றினேன். ஓர் எழுத்து! ஓர் எழுத்துக்கு ஆறு மாதம் என்றால், நான் பேசின மொத்தப் பேச்சுக்கும் கணக்குப் போட்டால் என் பேரன் பேத்திகள்கூட உள்ளேதான் பிறப்பார்கள்.

சரி, அந்த ஆறு மாதத்தையும் இருந்து கழித்துவிட்டேனே! ஒரு தோலை ஒரு தடவைதான் வெட்டலாம். வெட்டினதையே வெட்டிக்கொண்டிருந்தால் கந்தல்தான் மிஞ்சும். வேலை கேட்டுப் போன ஒவ்வோர் இடத்திலும் என்னை வெட்டினார்கள். இப்போது கடலுக்கு அந்தப் பக்கமும் கத்தியைத் தீட்டுகிறார்கள்.

ஜன்னலைச் சாத்தினவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டாயா? அவனும் வெளிநாட்டில்தான் இருக்கிறானாம், பெரிய பதவியில். அவன் சான்றிதழ் வெளுத்த வேட்டி மாதிரி இருந்திருக்கும். மூன்று பெண்களைத் தரையில் சாய்த்ததற்கு அதில் ஒரு வரி உண்டா? கிடையாது. வாயால் சொன்னதற்குத்தான் சட்டம். வாயை மூடிக்கொண்டு செய்தால் பதவி உயர்வு.

வருந்த மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்.

மின்விசிறியைப் பற்றி நான் கேட்கவில்லை. ஜன்னலைப் பற்றிக் கேட்டேன்.

இப்படிக்கு,
கொதிக்கும் எரிமலை
(உன் மாமாதான்)

ஏப்ரல் 5

மாமா,

நீங்கள் சொன்ன நியாயம் எல்லாம் நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக என்ன செய்தீர்கள்? ஜிப் மாட்டினீர்கள். ஒரு தோலைக் கையால் தடவியே எந்த இடத்தில் கிழியும் என்று சொல்கிற மனிதர், வெயிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாட்டுகிறார். அத்தை அட்டைப்பெட்டி மடிக்கப் போகிறார். இதற்கெல்லாம் காரணம் நான் கீழே விழுந்தது. நான் எழுந்து பார்த்தபோது உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்காகப் பேசுங்கள் என்று நானா கேட்டேன்?

இந்த வேலையை உங்களுக்கு வாங்க யார் யார் காலையோ பிடித்திருக்கிறேன். உங்களுக்குப் பெரிதாகத் தெரிவது உங்கள் வார்த்தை. குடித்தேன் என்று எழுதப் பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். நீங்களே எழுதுங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நடந்ததை நடந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

ஊசி

ஏப்ரல் 13

ஊசிக்கு,

இத்துடன் விளக்கம். உன் அத்தை எதிரில் உட்கார்ந்து எழுத வைத்தாள். "நூறு பூட்டுப் போட்டுப் பூட்டிய ஜன்னல்கள்" என்று ஆரம்பித்தேன்.

"எத்தனை பூட்டு?"

"பூட்டு இல்ல. தாழ்ப்பாள்."

"அடிங்க அதை."

"மேனேஜர் கிடுகிடுன்னு நடுங்கினான்னு போடலாமா?"

"நடுங்கினாரா?"

"லேசா சிரிச்சான்."

"அப்ப அதையும் அடிங்க."

அடித்தது போக மிச்சம் இருப்பதுதான் இது. பார்க்கவே பரிதாபமாக, உரித்த கோழி மாதிரி இருக்கிறது.

மாமா

"நான் செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை செய்தேன். அங்கே பசை அறையின் ஜன்னல்களை மூடி வைத்திருந்தார்கள். திறக்கச் சொல்லிக் கேட்டோம். திறக்கவில்லை. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மறுபடியும் கேட்டோம். மூன்றாவதாக விழுந்தவள் என் அக்கா மகள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்தேன். மேனேஜர் நெடி இல்லை என்றார். உன் தோலை உரித்துச் செருப்பு தைத்துவிடுவேன் என்று அவரிடம் சொன்னேன். எங்கள் மொழியில் கோபம் வந்தால் அப்படிச் சொல்வார்கள், செய்ய மாட்டார்கள். என் கையில் கத்தி இருந்தது. அது நான் வேலை செய்துகொண்டிருந்த கத்தி. அதை ஓங்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை. ஆறு மாதம் சிறையில் இருந்தேன். நான் குடிப்பதில்லை. யாரையும் அடித்ததில்லை. எனக்குத் தோல் வெட்டத் தெரியும்."

ஏப்ரல் 24

அன்புள்ள மாமா,

உங்கள் விளக்கத்தைக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டும் வரை வரவில்லை.

ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கார். ஆனா வருத்தப்படறேன்னு எங்கயும் இல்லையே? அது இல்லாம நான் முத்திரை வைக்க முடியாது. மொழிபெயர்ப்புல விட்டுப்போச்சா, பாருங்க" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

விட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். "நடந்ததற்கு வருந்துகிறேன்." நானே எழுதிச் சேர்த்தேன். அங்கேயே முத்திரை விழுந்துவிட்டது.

தூதரகத்தில் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் மாமா. இல்லை என்றால், இல்லாததைச் சேர்த்தேன் என்று என் வேலை போகும். கோபப்படுங்கள். வேண்டிய மட்டும் படுங்கள். ஆனால் இங்கே வந்து படுங்கள்.

உங்கள்,
ஊசி

மே 9

ஊசிக்கு,

தூதரகத்துக்குப் போய் வந்தேன். குளிரூட்டிய அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். நான் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன், எல்லாம் ஆமாம்தான். கடைசி வரிக்கு வந்தார்கள்.

"நடந்ததுக்கு வருந்தறதா எழுதியிருக்கீங்க. வருந்தறீங்களா?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. "ஆமாங்க, அந்தத் தோல்ல தெச்சா ரெண்டு நாளைக்குத் தாங்காது, அதான் வருத்தம்" என்று சொல்லத் துடித்தது. வேலை போய் நீ அங்கே நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. விழுங்கினேன்.

"ஆமாம்" என்றேன்.

முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். சொன்ன சொல்லுக்கு உள்ளே போனேன். சொல்லாத சொல்லுக்கு வெளிநாடு வருகிறேன். பிறந்ததிலிருந்து எத்தனையோ புளுகியிருக்கிறேன், ஊசி. கேட்கிறவனுக்கும் அது புளுகு என்று தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொன்னது அன்றைக்குத்தான். அதைச் சொல்ல வைத்தது நீ. இந்தக் கோபம் அங்கே வந்து படுகிற கோபம் இல்லை. எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

உன் அத்தை ஆறு மாதம் கழித்துத்தான் வருவாள். பெட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டிக் கொடுத்தாள்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். முதல் கடிதத்திலேயே கேட்டேன். நீ மின்விசிறி என்றாய். மறுபடியும் கேட்டேன். கோபப்பட்டாய். இப்போது நானே நடந்ததை நடந்த அளவுக்கு எழுதப் பழகிவிட்டேன். நீயும் எழுது. உன் பசை அறையில் ஜன்னல் திறந்திருக்கிறதா?

மாமா

மே 18

மாமா,

ஜன்னல்கள் இருக்கின்றன. திறந்தால் தூசி வருகிறது என்று ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் காகிதங்கள் முடியட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் ஒரு பெண் விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடியும் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தது நான்தான்.

சீக்கிரம் வாருங்கள். கத்தியை அத்தையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். வாயை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

ஊசி