கறைபடாத வேட்டி

சனிக்கிழமை, இரவு.

உலக சரித்திரத்திலேயே முதல்முறையாக இன்று ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் சாயா கொண்டுபோனேன்.

பார்க்கின்சன் நோயாளிகள் கூட்டத்தில் எங்கள் கை நடுக்கத்துக்குப் பயந்து எல்லோருக்கும் அரை கிளாஸ்தான் ஊற்றுவார்கள். நானும் சாலைக்கடை சண்முகம் அண்ணாச்சியும் மட்டும் முழு கிளாஸ் கேட்டு வாங்கி, ஜன்னலோர நாற்காலிவரை நடப்போம். அதிகம் சிந்தியவர் மற்றவரை "மகாராஜாவே" என்று சபை நடுவே கும்பிட வேண்டும். இரண்டு வருஷமாகக் கும்பிட்டவன் நான்தான்.

"ஓய், உம்ம வேட்டியில வெள்ளம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏறியாச்சு, கேட்டீரா!" என்று சிரிப்பார்.

அவர் இறந்தபின் இன்றுதான் முதல் கூட்டம். சாயா ஊற்றும் லதா, "மாமா, இன்னிக்கு அரை போதுமல்லோ?" என்றாள்.

"சக்கரவர்த்திக்கு அரையா? விளிம்புவரைக்கும் ஊத்து."

நடந்தேன். கை பொதிகை மலை மாதிரி அசையாமல் நின்றது. ஜன்னலோரம் காலியாகக் கிடந்த அவர் நாற்காலிக்கு முன்னால் போய், "கும்பிடும் ஓய்!" என்று உரக்கச் சொல்லியும்விட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயாவை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தேன். வெளியே செருப்பை மாட்ட முடியாமல் உடம்பே ஆடியது. லதாதான் குனிந்து மாட்டிவிட்டாள்.

இப்போது வேட்டியை மடிக்கும்போது பார்க்கிறேன். ஒரு கறைகூட இல்லை.