அம்மாவின் கை சொன்னபடி

லிந்துலை, மேல்பிரிவு லயம்
ஞாயிறு, சாயங்காலம்

அன்புள்ள சுலக்ஷனா அக்காவுக்கு, லோஜினி எழுதுவது. ஆனால் இது என் கடிதம் இல்லை, அம்மாவின் கடிதம். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து கையால் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல், எனக்கு வெட்கமாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன் என்று சாமிப் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். ஏன் சத்தியம் என்பது பின்னால் வரும். இனி ‘நான்’ என்று வருவதெல்லாம் அம்மாதான்.

மகளே, கன்னத்துக் குழியைத் தொட்டு உன்னைக் கூப்பிடுகிறேன், நம் கைமொழியில் அதுதானே உன் பெயர். இரண்டு பேரும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவோம், இந்தமுறை ஒருத்தி சுகம், ஒருத்தி அரைச்சுகம் என்று எழுதச் சொன்னேன். நீ எப்படி இருக்கிறாய், ஜோர்தானில் வெயில் தாங்க முடிகிறதா, உட்கார்ந்தே தைப்பதால் இடுப்பு பிடிக்கிறது என்றாயே, அது குறைந்ததா. போனமுறை வீடியோவில் பேசியபோது படம் நின்று நின்று வந்தது, உன் கை பாதி வார்த்தையிலேயே உறைந்துபோய்விட்டது, எனக்கு வெறுத்துவிட்டது, அதனால்தான் கடிதம். கோயில் மேட்டில்தான் சிக்னல் இருக்கிறது, லோஜினி நாளைக்கு அங்கே போய் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். இங்கே மூன்று வாரமாக மழை. அரைநாள்தான் வேலைக்குப் போகிறேன், அப்படியும் களைப்பு தீரவில்லை. கொழுந்து எடுக்கிற அதே கைதானே வீட்டுக்கு வந்து பேசவும் வேண்டும், நாலு வார்த்தை சொல்வதற்குள் கை மடியில் விழுந்துவிடுகிறது. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள் உன் தங்கச்சி. போன மாதம் ஒருநாள் காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது ஆறாம் மலை இல்லை, ஒன்பதாம் மலைக்குப் போங்கள் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். காது கேளாத நான் பேச்சியம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறவள், அன்றைக்கு அவள் வரவில்லை. ஆறாம் மலையில் ஒற்றையாய் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குக் கங்காணி ஏறி வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். என்ன ஏசினார் என்று தெரியாது, தெரியாததும் ஒரு வசதிதான்.

இனி முக்கியமான விஷயம். சித்திரை வருசப்பிறப்பிலிருந்து எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. நீ அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு லோஜினியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சிங்களவர், பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கதவோரமாக ஆண்கள் சீட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள், அதில் இவளோடு பரீட்சை எழுதிய கிஷாந்தும் நின்றான். டாக்டரின் வாய் நெடுநேரம் அசைந்தது, இவளுடைய கை இரண்டு தடவைதான் அசைந்தது. நான் சொன்னதும் அந்தக் கணக்கில்தான் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வருசப்பிறப்பிலிருந்து ரத்தம் என்று நான் சொன்னேன், இரண்டு வாரமாக வயிற்றுவலி என்று இவள் சொல்லியிருக்கிறாள். வயிற்றுவலிக்கு மாத்திரை கொடுத்தார்கள், நானும் வேளை தவறாமல் போட்டேன். பன்னிரண்டாம் நாள் மலையில் மயங்கி விழுந்துவிட்டேன். கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்களாம். அங்கே பேச்சியம்மா, இந்தப் பொம்பள ரெண்டு மாசமா ரத்தமாக் கொட்டிக்கிட்டு இருக்கா, நீங்க வயித்துவலிக்கு மாத்திரை குடுத்து அனுப்பிட்டீங்களேய்யா என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினாளாம். பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. பயப்படுகிற கட்டி இல்லையாம், ஆனால் எடுத்துவிட வேண்டுமாம். அடுத்த மாதம் எட்டாம் தேதி கண்டிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லோஜினி இப்போது பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

அவளை நான் ஏசவில்லை, நீயும் ஏசாதே. பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய், உன் தாயின் ரத்தத்தை இத்தனை ஆண்களுக்கு முன்னால் சொல் என்று நிறுத்தியது என் பிழை. உனக்கும் அதைத்தானே செய்தேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அன்றைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை, எனக்குச் சொல்ல ஆளில்லை என்று உன்னைப் பாதி வழியில் மறித்துக் கூட்டிப்போனேன். அப்பா போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை, உன் கைதான். அவர் உனக்கும் அப்பா என்பதை அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இப்போது மலையில் நிற்கும்போது நினைக்கிறேன்.

மூன்று ஞாயிறாக அட்டனுக்குப் போய்வருகிறேன். நோட்டன் பிரிட்ஜ்காரி நாகலெட்சுமி என்று ஒருத்தி, என்னைப்போலவே காது கேளாதவள், ஒரு மண்டபத்தில் சைகை மொழி சொல்லித்தருகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ்ஸில் நாங்கள் கையால் பேசுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் போனேன், பதினாலு பேர், சிங்களவரும் தமிழரும், எல்லாருடைய கையும் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்குப் பாதி பிடிபடவில்லை. தண்ணீருக்கு அவர்கள் கை வேறு, சோற்றுக்கு வேறு. நான் இத்தனை காலம் பேசியது உனக்கும் லோஜினிக்கும், கொஞ்சம் பேச்சியம்மாவுக்கும் மட்டும் தெரிந்த மொழி என்று நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது. இனிப் போகவேண்டாம் என்றுதான் அன்றைக்குத் திரும்பினேன். ஆனால் அடுத்த ஞாயிறு போனபோது எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். சிரிக்கும்போது நான் கையால் வாயை மூடிக்கொள்கிறேனாம், அதுதான் பெயர். லயத்தில் என்னை ஊமச்சி என்று கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். என் கண்ணுக்கே தெரிகிற மாதிரி வெளியாள் ஒருவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கண்டிக்கு என்னோடு வினோதா என்கிற மொழிபெயர்ப்பாளர் வருகிறாள், கை பேசுவதை வாயால் சொல்வதுதான் அவள் வேலை, வெட்கப்பட மாட்டாள். அவளிடம் பேசுவதற்குத்தான் வார்த்தை படிக்கிறேன். வலி, எத்தனை நாள், மயக்கம், வேண்டாம், இன்னொருமுறை சொல். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

லோஜினிக்கு ஒன்பது பாடமும் நல்ல பெறுபேறு என்று உனக்குத் தெரியும். நுவரெலியாவில் விடுதியோடு இடம் கிடைத்திருக்கிறது, பதினைந்தாம் தேதிக்குள் விண்ணப்பப் பாரம் கொடுக்க வேண்டும். தங்கச்சி லிந்துலையிலயே படிக்கட்டும், நான் வர்ற வரைக்கும் அம்மாவுக்கு ஒரு வாய் வேணும்ல என்று நீ அனுப்பியிருந்ததைக் காட்டினாள். அக்கறையில் சொன்னாய், தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளையை என் வாயாக வைத்துத் தேய்த்துவிட்டேன், அது போதும். நீ சொன்னால்தான் போவேன் என்று இவள் உன் செய்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆகவே போ என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. நான் உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

மாரியம்மா உன் இடுப்பையும் கண்ணையும் காப்பாற்றட்டும், நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும். மறந்துவிடாதே, வீடியோவில் வரும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகமும் கையும் இருட்டாகிவிடுகிறது, என் பிள்ளை என்ன சொல்கிறாள் என்றே எனக்குத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்மாக்கண்ணு

அக்கா, பெயரை அம்மாவே எழுதினார். இனி எழுதுவது லோஜினி. என் பக்கத்தையும் எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். நான் நுவரெலியாவுக்குப் போக மாட்டேன். ஒருதடவை டாக்டரிடம் பிழையாகச் சொன்னேன், இனி அப்படிச் சொல்ல மாட்டேன். வார்டில் விடியற்காலை அம்மா தண்ணீர் கேட்டால் அந்த வினோதா அக்கா பக்கத்தில் இருப்பாரா? இதையெல்லாம் அம்மாவிடம் வேகவேகமாகக் கையால் சொன்னேன். அம்மா முழுக்கப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை சொல் என்றார், அந்தப் புதுச் சைகையில். இரண்டாம் தடவை சொல்லும்போது அதில் காரணம் குறைவாகவும் அழுகை அதிகமாகவும் இருந்தது. சத்தியம் செய்ததால் இதையும் எழுதுகிறேன். ஆனாலும் விடாமல் மூன்றாம் தடவையும் கையைத் தூக்கினேன். நம் வீட்டில் சண்டை எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியுமே, விளக்குச் சுவிட்சுக்கு யார் முதலில் போகிறாரோ அவர் சொன்னதுதான், இருட்டில் அடுத்தவர் கை தெரியாது. அதனால் இந்தப் பகுதியைக் காலையில் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று மணி ஏழுகூட ஆகவில்லை. என் இரண்டு கையும் தூக்கினபடியே இருந்தது. அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டார்.