பட்டுச்சேலையோடு நீர்வீழ்ச்சிக்கு

ஹைல்புறோன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கவிசாவுக்கு,

என் முழங்காலைத் தவிர நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையை ஈரத்தோடு விடாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் இடையில் சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். யோகேஷைக் கட்டுவதற்கு எங்கள் சம்மதம் கேட்டிருந்தாய். அவனுடைய தாய் தகப்பனைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகச் சொன்னேன். போன சனிக்கிழமை பார்த்தாயிற்று. வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் போனேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தம் பேசுகிறவர்கள் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். கார்ல்ஸ்ரூஹேயில் இத்தனை வருஷமாக இருக்கிற இந்த இந்தியக் குடும்பம் எங்களைக் காட்டுக்குக் கூப்பிட்டது. சுவார்ஸ்வால்ட் மலையில் நல்ல அருவி இருக்கிறதாம், சின்ன நடைதானாம், நடந்துகொண்டே பேசலாமாம். உன் அப்பாவும் ஓம் ஓம் என்றுவிட்டார். பக்கத்தில் ஒரு கடை இருக்கும், அங்கே இருந்து பேசுவார்கள் என்று நான் நினைத்தேன். மாப்பிள்ளை பகுதியைப் பார்க்கப் போகிறோமே என்று காஞ்சிபுரம் உடுத்தி, அட்டியல் போட்டு, அப்பாவுக்குக் கோட்டும் டையும் மாட்டி, அவர்கள் சைவம் என்று மரக்கறி றோல்ஸும் பொரித்துக்கொண்டு போய் இறங்கினால், யோகேஷின் தாய் நாகலட்சுமி ஓடுகிறவர்கள் போடுகிற காற்சட்டையோடு நிற்கிறாள், இரண்டு கையிலும் தடி. கால் நல்லாயிருக்கிற மனிசிக்குத் தடி எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி அடக்கிக்கொண்டாள். எனக்குத் தெரியாதா என்ன.

தண்ணீர் கீழே விழுவதைப் பார்க்க டிக்கெட் வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அள்ளினால் வருகிற தண்ணீர்தான் தெரியும், தானாக விழுகிற தண்ணீரில் என்ன அதிசயம்? வழி முழுக்கப் படி, வேர், சேறு. ஒரு கையில் கொசுவத்தையும் மறு கையில் கம்பியையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். எதிரில் வந்த ஜேர்மன்காரர் எல்லாரும் என்னைப் பார்த்து ஹலோ சொன்னார்கள், நாயும் நின்று பார்த்தது. அவளுடைய மனுஷன் சுந்தரராஜன் ‘பேசிக்கலி’ என்று தொடங்காமல் வாய் திறக்க மாட்டார். பேசிக்கலி வாக்கிங் ஹெல்த்துக்கு நல்லது என்று அவர் சொல்ல, அப்பா அதற்கும் ஓம், வழுக்கிக்கொண்டே ஓம். அங்கேயிருந்து லீவில் வந்து நிற்கிற உன்னுடைய யோகேஷ், ஈர்க்கு மாதிரி இருந்துகொண்டு என் றோல்ஸ் பையை வாங்கித் தோளில் போட்டான். மூட்டை சுமந்தவன் மாதிரி வேர்த்துக்கொண்டு முன்னால் போனான். இதில் எதைப் பார்த்துப் பிள்ளை நீ மயங்கினாய்?

பாதி வழியில் நாகலட்சுமி தண்ணீர் நீட்டினாள், வேண்டாம் என்றேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், சம்பந்தம் முற்றாகும் வரை மற்றப் பகுதியின் கையால் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை, கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அவளும் கீழே நான் நீட்டிய றோல்ஸைத் தொடவில்லை. எண்ணெய்ச் சாமானை இளக்காரமாக நினைக்கிறாளாக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

கடைசி வளைவில் எனக்குக் கை நடுங்கியது. சேலை கட்டிய அவசரத்தில், சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டேனே தவிர சாப்பிடவில்லை. களைத்தவர்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் இருந்துவிட்டேன். ஆம்பிளைகள் மூன்று பேரும் கதைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள், ஒருத்தராவது திரும்பிப் பார்த்தால்தானே. நாகலட்சுமி மட்டும் தடியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். போய்ப் பாருங்கோ, இவ்வளவு தூரம் வந்தது அதுக்குத்தானே என்றேன். அருவி எங்கேயும் ஓடிப் போயிடாதுங்க, சுகர் இருக்கா உங்களுக்கு என்று கேட்டாள். ஓம் என்றேன். தன்னுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். புளிச்சோறு. சாப்பிடுங்கோ என்றும் வற்புறுத்தவில்லை, இந்தியாக்காரர் அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எடுத்துச் சாப்பிட்டேன். பெருங்காயம் கூடிப்போச்சு, சோறு குழைவு. முழுவதையும் சாப்பிட்டேன். முடிந்ததும் அவள் யோகேஷுக்குப் போன் பண்ணிப் பையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு றோல்ஸ் சாப்பிட்டாள். அவளுடைய ஊரிலும் முற்றாகும் வரை கை நனைக்க மாட்டார்களாம், அதனால்தான் தொடாமல் இருந்தாளாம். அருவியை நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா பெரிய நியாயவாதி மாதிரிச் சொல்கிறார், சீனி இறங்கி மயக்கத்தில் சாப்பிட்டது கணக்கில் வராது, விருப்பமில்லையென்றால் இப்பவும் மறுக்கலாமாம். நீ அவ்வளவு தூரத்தில் தனியே இருக்கிறாய், உனக்கு ஒரு நாள் கை நடுங்கினால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்து நான் நித்திரையில்லாமல் கிடப்பது உனக்குத் தெரியாது. அந்தத் தாய் வளர்த்தவன் இருப்பான் போலிருக்கிறது.

நல்லூர்க் கந்தன் உன்னைக் காப்பான். இரவில் தனியே பஸ்ஸுக்கு நிற்காதே. யோகேஷை நல்லாச் சாப்பிடச் சொல்லு. சீனி இறங்கினால் வாயில் போட என்று நீ அனுப்பிய குளுக்கோஸ் வில்லைகள் அன்றைக்கும் என் கைப்பையில்தான் இருந்தன, பெட்டி இன்னும் உடைக்கவில்லை. இதை அப்பாவுக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்கையற்கரசி