உப்புப் பார்க்காமல் சமைத்த மான்கறி

துன்,
சூரன்போர் முடிந்த மறுநாள்.

கோபிஷாவின் அப்பாவுக்கு அன்புடன் எழுதுவது.

இத்தனை வருடமும் "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிட்டுப் பழகியதால் கடிதத்தில் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தேன். நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் நோவும் ஊரில், கோண்டாவில் வெயிலில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் வாய் திறக்கும்போதுதான் உங்களுக்கு லைன் போய்விடுகிறதே. போன கிழமை "வருசம் முடிய வேலைய விட்டிட்டு வாரும், வீடு கட்டி முடியப்போகுது" என்றீர்கள். நான் "பாப்பம்" என்றேன். நீங்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு உங்கள் தங்கச்சிக்கும் சொல்லிவிட்டீர்கள். அவர் எனக்கு வாழ்த்து வேறு அனுப்பியிருக்கிறார். அது ஓம் இல்லை. ஏன் என்று ஆறுதலாக எழுதுகிறேன், நீங்களும் கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் ரெஸ்டோரண்ட் சமையற்காரர் ரோலாந்து இந்த வருடத்தோடு விலகுகிறார். முதலாளி லூத்தி அம்மா என்னைக் கூப்பிட்டு, மான்கறி சரியாக வந்தால் குசினியை என்னிடம் தருவதாகச் சொன்னார். இலையுதிர் காலத்தில் இங்கே சனம் வருவதே அந்த ரேபெஃபருக்காகத்தான் என்று உங்களுக்குத் தெரியும். இறைச்சியைச் சிவப்பு வைனில் நாட்கணக்காக ஊறவைத்து, இரத்தமும் கிரீமும் விட்டுத் தடிப்பாக இறக்குவது. ரோலாந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போது எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வீட்டில் சமைக்கிறேன், வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று லூத்தி அம்மாவிடம் சொன்னேன். வேட்டைக்குப் போகிற அவருடைய மனுஷனே ஒரு மானின் தோள் இறைச்சியைக் கொண்டுவந்து தந்தார்.

அவர்களுக்கு வசதிப்பட்ட நாள் கந்தசஷ்டிக்குள் வந்து விழுந்தது. கோபிஷா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, முருகன்ர விரதத்தில மான் சமைக்கிறியளே, வள்ளி மான் வயித்தில பிறந்தவ எண்டு தெரியாதோ" என்று கேட்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதன் பலன். "முருகனும் வேடர் வீட்டு மாப்பிள்ளைதான் பிள்ளை, இறைச்சி வாசம் அவருக்குப் புதுசோ" என்றேன். ஆனாலும் சாமிப்பட அலுமாரியைச் சாத்தி, ரெஸ்டோரண்டின் இரும்புச் சட்டியில், பால்கனியில் சின்ன அடுப்பு வைத்துத்தான் சமைத்தேன். கை சமைக்கட்டும், நாக்கு விரதம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

இறைச்சியை வைனில் இருந்து எடுத்து, ஈரம் துடைத்து, நெய்யில் சிவக்க வறுத்தேன். வைனைக் கொதிக்கவைத்து நுரை எடுத்து, வடித்து இறைச்சியில் விட்டேன். அவர்கள் போடுகிற கராம்பு, கறுவாவோடு பெருஞ்சீரகமும் எங்கள் தூளும் கொஞ்சம் சேர்த்தேன். இரத்தத்தைக் கண்டால் இங்கே இளம் பெடியள் முகம் சுளிப்பார்கள். இரத்த வறை தின்று வளர்ந்த எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிரீம்தான் எல்லோருக்கும் திரைந்துபோகிற இடம். நான் தேங்காயின் முதற்பால் விடுகிற மாதிரி அடுப்பைத் தணித்து, கடைசியில் விட்டு, கொதிக்க விடாமல் இறக்கினேன். பட்டுப்போல் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

லூத்தி அம்மாவும் மனுஷனும் வந்து இருந்தார்கள். முறைப்படி ஷ்பெட்ஸ்லி மாவுத்துண்டுகளை அவித்து, அதன் மேல் கறியை விட்டுக் கொடுத்தேன். அந்த மாவு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அதைப் பிள்ளைக்குச் செய்த களி என்று பகிடி பண்ணுகிறவர். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். இன்னொரு கிளாஸும் குடித்தார். பிறகு, வாசத்துக்குக் குறைவில்லை ராணி, ஆனால் கடல் வேண்டுமென்றால் நாங்கள் இத்தாலிக்குப் போயிருப்போம் என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சோற்றுக்கு உப்புப் போடாமல் அவிக்கிற கை என்னுடையது. கறிக்கு உப்புப் போட்டால் சோற்றுக்கும் சேர்த்தே விழும். ஷ்பெட்ஸ்லியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. வேறு நாளென்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பேன். நான் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டு சாப்பாட்டுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் ஒருநேரச் சாப்பாட்டுக்கு அவித்து வைத்த சோறு இருந்தது. அதைப் போட்டு, மேலே அதே கறியை விட்டுக் கொண்டுவந்து வைத்தேன். எங்களுடைய கறி வெறுஞ்சோற்றைத் தேடுகிற கறி, இப்போது சாப்பிடுங்கள் என்றேன்.

மனுஷன் மூன்றாம் முறையும் கோப்பையை நீட்டினார். நான் அன்றைக்குப் பாலும் வாழைப்பழமும்தான். லூத்தி அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, மெனுவில் இரண்டு விதமாகவும் போடலாம், தையில் இருந்து குசினி உன் பொறுப்பு என்றார். வேலை ஒப்பந்தக் கடிதாசியை மறுநாளே நீட்டினார். நான் கையெழுத்து வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் வைத்தது உங்களுக்குச் சுடும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்கள் இங்கே அந்த ஆஸ்பத்திரி லொண்ட்ரியில் நின்று நின்று களைத்துப்போனீர்கள். உங்களுக்கு அந்த வீடும் வெயிலும் வேண்டும், அதில் பிழையே இல்லை. நான் களைக்கவில்லை. பாத்திரம் கழுவத் தொடங்கி, சலட் நறுக்கி, இப்போதுதான் பெரிய அடுப்புக்கு முன்னால் வந்திருக்கிறேன். நீங்கள் இல்லாத வீடு வெறுமையாகத்தான் கிடக்கிறது. இரவில் திரும்பிப் படுத்தால் உங்கள் பக்கம் குளிர்கிறது. அதையும் மறைக்கவில்லை.

மேசன்மார் குசினி மேடையை எவ்வளவு உயரத்தில் கட்டுவதென்று கேட்கிறார்கள், உமது உயரத்தை அளந்து அனுப்பும் என்று நேற்று போனில் எழுதியிருந்தீர்கள். அங்கே சமைக்கப்போவது நீங்கள்தான், குனிய முழங்காலுக்கும் முதுகுக்கும் நோகும். உங்கள் உயரத்துக்கே கட்டுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு நான் லீவில் வரும்போது எனக்கு ஒரு பலகை போட்டுத் தாருங்கள், ஏறி நின்று சமைப்பேன்.

முருகன் உங்களை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். இதை வாசித்து முடித்ததும் ஒருதரம் போன் எடுங்கள். லைனை மட்டும் வெட்டாதேயுங்கோ.

என்றும் உங்கள்
செல்வராணி