சின்னராஜ் இறக்கிய ஃபியட்

6.2.94, ஞாயிறு

காலையில் கெலமங்கலம் போயிருந்தேன். சென்னகிருஷ்ணன் வீட்டில் ஒரு வீடியோ கேசட் போட்டுக் காட்டினான். அவன் சித்தப்பா மகன் கம்பெனி டிரெயினிங்குக்கு ஜப்பான் போனபோது வாங்கி வந்ததாம். மலை ரோட்டில் கார்கள் பக்கவாட்டில் போகின்றன. மூக்கு ஒரு பக்கம், போகிற திசை இன்னொரு பக்கம். பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே வர, ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொள்கிறான். இதற்கு ட்ரிஃப்ட் என்று பெயராம். மூன்று தடவை ரீவைண்ட் செய்து பார்த்தோம்.

"பாய், நம்ம ஃபியட்ட இப்படி ஆக்கணும். மார்ச்ல சிப்காட் காலி மனைல பெங்களூர் கிளப்காரங்க மண்ணுல ரேஸ் வெக்கிறாங்க. வண்டிய நல்லா கீழ இறக்கிடுங்க. வாலு வீசணும்."

ரோஜாத் தோட்டத்துக்காரன், அப்பன் நிலம் இருக்கிறது, கேட்கிறான். எனக்கும் கை துறுதுறுத்தது. செய்கிறேன் என்றேன்.

9.2.94

பெங்களூர் கலாசிபாளையம் போய் முன்பக்கத்துக்கு இரண்டு காயில் ஸ்பிரிங் சொல்லிவிட்டு வந்தேன். பழசை விடக் கட்டை, ஆனால் கம்பி தடிப்பு. வண்டி இறங்கவும் வேண்டும், மேட்டில் ஏறி விழுந்தால் தாங்கவும் வேண்டும். பின்னால் பட்டை ஸ்பிரிங்கின் வளைவைத் தட்டி நேராக்க வேண்டும். பின்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் வால் சட்டென்று பிடி விடும். முன்பக்கம் மண்ணைக் கவ்வ வேண்டும். இரண்டும் ஒத்துவர நாள் பிடிக்கும்.

14.2.94

நோன்பு தொடங்கிவிட்டது. காயில் வந்துவிட்டது. மாட்டவில்லை.

மாட்ட வண்டி இல்லை. சென்னகிருஷ்ணன் வந்து நான் போட்ட அளவைப் பார்த்தான். "இவ்வளவுதானா? நீங்க இறக்குறது யாருக்குப் பாய் தெரியும்? சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவுல விரல் போகக்கூடாது." அந்த அளவுக்கு இறக்கினால் மேடு பள்ளத்தில் தட்டும் என்றேன். சரிங்க பாய், யோசிச்சு சொல்றேன் என்று போனான். சாயந்தரம் டீக்கடை நாராயணப்பன் சொல்லித்தான் தெரிந்தது, வண்டி சின்னராஜ் பட்டறையில் நிற்கிறது.

சின்னராஜ். வேறு யார்?

17.2.94

ஆறு வருஷம் ஒரே பட்டறை. அவனும் நானும் பாதிப் பாதி. பிரிந்தபோது சண்டை எதுவும் இல்லை, பாகலூர் ரோட்டில் இடம் கிடைத்தது, போனான், அவ்வளவுதான். ஆனால் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள். வேலை என்னுடையதை விட உசத்தி என்றால் பொறுத்துக்கொள்வேன். அவன் பேச்சு. தெலுங்குக்காரனிடம் தெலுங்கு, கன்னடக்காரனிடம் கன்னடம். வந்தவனை உட்கார வைத்து, டீ சொல்லி, குடும்பம் குட்டியெல்லாம் விசாரித்து— வண்டியை விட்டுவிட்டுப் போகிறவன் சந்தோஷமாகப் போகிறான். என்னிடம் வருகிறவன் ஏதோ ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி முழிக்கிறான்.

நோன்பு வைத்துக்கொண்டு இதையெல்லாம் எழுதுகிறேன். பசி தெரியவில்லை. இதுதான் தெரிகிறது.

1.3.94

பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த ஃபியட்டைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. இல்லை என்று சொல்ல முடியவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு, பூனை பதுங்குகிற மாதிரி. பையன்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். சென்னகிருஷ்ணன் கண்ணாடியை இறக்கி, "ராஜு ரெண்டே நாள்ல முடிச்சுட்டான் பாய்" என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி குல்ஷனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

8.3.94

காற்றடிக்க வேண்டும் என்று வண்டியை என் பட்டறைக்கே கொண்டு வந்தான். வழியில் காற்றுக் கடை இல்லையா? காட்டிக்கொள்ள வந்தான், வேறென்ன.

குனிந்து காற்றடிக்கும்போது இடது முன்சக்கரத்துக்கு உள்ளே பார்த்தேன். காயிலில் கறுப்பு பெயிண்ட் உரிந்து, கம்பி நீலமாக இருந்தது. மயில் கழுத்து நீலம். கேஸ் வைத்துச் சுட்டு, சூட்டில் அமுக்கி இறக்கியிருக்கிறான். சுட்ட கம்பிக்கு உயிர் கிடையாது. டவுனுக்குள் ஓட்டினால் ஓடும். மண் மேட்டில் சக்கரம் எகிறித் திரும்ப விழும்போது நொறுங்கும், அல்லது இருக்கும் இடத்தை விட்டு நழுவும். வால் வீசிக்கொண்டு போகிற வேகத்தில் முன்சக்கரம் மடங்கினால் வண்டி உருளும்.

நிமிர்ந்தேன். "காத்து சரியா இருக்குது" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? உள்ளுக்குள் இனிப்பாக இருந்தது. அதான். எல்லோரும் பார்க்கட்டும், சின்னராஜ் வேலை எப்படி என்று.

14.3.94, பெருநாள்

மத்தியானம் சின்னராஜ் பெண்டாட்டி ராஜாத்தியோடு வந்தான். வருஷா வருஷம் வருகிறவன்தான். குல்ஷன் தனியாக எடுத்து வைத்திருந்த பிரியாணியைப் பரிமாறினாள். அவன் அவளை "தங்கச்சி" என்று கூப்பிட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டே சாப்பிட்டான். என் வீட்டில் நான் பேசி யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

கை கழுவும்போது சொன்னான்: "பாய், ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு நானும் உள்ள உக்காந்து போறேன். பக்கத்துல வெயிட்டு இருந்தா வண்டி சரியா திரும்புதுன்னு கிருஷ்ணன் சொல்றான்."

ராஜாத்தி, "வேணாம்னு நீங்களாவது சொல்லுங்கண்ணா" என்றாள்.

நான் டவலை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டான்.

15.3.94

பட்டறைக்குப் போனேன், திரும்பி வந்தேன். எதையும் தொட முடியவில்லை. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவனும் அந்த வண்டியில் உட்காரட்டும் என்று நினைத்தேன். நேற்று. அவன் என் வீட்டுத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தபோது. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

16.3.94

கெலமங்கலம் பஸ் ஏறினேன். சென்னகிருஷ்ணன் தோட்டத்தில் ரோஜாவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஸ்பிரிங் சுட்டது, உடையும், ரேஸ் ஓட்டாதே என்று.

சிரித்தான். மரியாதையாகத்தான் சிரித்தான். "பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. ஓசூர்ல எல்லாருக்கும் தெரியும், ராஜுன்னா உங்களுக்கு ஆகாது. வண்டி உங்க கைய விட்டுப் போன வருத்தம், புரியுது. ரேஸ் முடியட்டும், அடுத்த வேலை உங்களுக்குத்தான்."

வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் குல்ஷனிடம் சொன்னேன். அவள் நம்புவாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றது நெசமா, இல்ல வயித்தெரிச்சலான்னு எனக்கே தெரியலைங்க. இந்த ஒரு மாசமா அவரப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை உங்க வாய்ல வரல."

உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆள் இல்லை. அப்படி ஆக்கிக்கொண்டது நான்தான்.

17.3.94, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கலாசிபாளையத்திலிருந்து வந்த இரண்டு காயிலையும் கோணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பாகலூர் ரோடு போனேன். பிரிந்த பிறகு அவன் பட்டறைக்குள் நான் கால் வைத்ததில்லை. எழுந்து நின்றான். "வாங்க பாய்" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டான். ஃபியட் உள்ளேயே நின்றிருந்தது.

கோணியை அவிழ்த்து வைத்தேன். "இடது பக்கம் சுட்டிருக்கிற" என்றேன்.

முகம் மாறியது. மறுப்பான், சிரிப்பான் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "தெரியும் பாய். காயில கட் பண்ணி மாட்டுனா இடது பக்கம் தூக்கிகினு நின்னுச்சு. கிருஷ்ணன் தலை மேல நின்னுகினு அவசரப்படுத்துறான். சூடு காட்டிட்டேன். அன்னிலேருந்து சரியா தூக்கம் இல்ல. இப்ப போய் தப்பாப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அதனாலதான் பக்கத்துல உக்காந்து போறேன்னியா?"

தலையை மட்டும் ஆட்டினான். சென்னகிருஷ்ணனுக்கு ஆகிறது தனக்கும் ஆகட்டும் என்றா? பைத்தியக்காரன்.

"இத மாட்டு" என்றேன். "கொஞ்சம் உயரமா நிக்கும். கேட்டா நீயே மாத்துனதாச் சொல்லு. எம் பேரு வேணாம். நான் சொன்னா அவன் கழட்டிடுவான்."

ஒரு வாரம் இழைத்து இழைத்துப் போட்ட கணக்கு, அவன் பெயரில் போகப்போகிறது.

இருவரும் சேர்ந்து மாட்டினோம். பழைய காயிலைக் கழற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கி அவன் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். சுட்ட இடத்தில் இரண்டாகப் போனது. பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பட்டை ஸ்பிரிங்கை அவன் நேராக்கியிருந்த விதம் சுத்தமாக இருந்தது. நான் செய்திருந்தால் இத்தனை சுத்தம் வந்திருக்காது. அவனிடம் சொல்லவில்லை.

20.3.94, ஞாயிறு

சிப்காட் மனையில் திருவிழாக் கூட்டம். கரும்பு ஜூஸ் வண்டி, பலூன்காரன். செம்மண் புழுதியில் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ராஜாத்தி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளிடம் என்ன சொல்வது?

ஃபியட் மூன்றாவதாக இறங்கியது. சின்னராஜ் உள்ளே உட்கார்ந்துதான் போனான். வண்டி இறங்குமுன், இப்போது ஏன் என்று கேட்டதற்கு, "நான் உக்காரலன்னா உங்க ஸ்பிரிங்க நம்பலன்னு ஆயிடும்" என்றான்.

மேட்டில் ஏறியபோது முன்சக்கரம் இரண்டும் காற்றில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது— கனமான, முழுசான சத்தம், உடையாத சத்தம். திறந்தபோது வண்டி வளைவில் இருந்தது. வால் விட்டது. நிதானமாக, துணி விரிக்கிற மாதிரி, பின்பக்கம் வெளியே வந்தது. முன்பக்கம் மண்ணைக் கவ்விக்கொண்டே இருந்தது. கேசட்டில் பார்த்ததேதான். ஜனம் கத்தியது. நானும் கத்தியிருக்கிறேன் போல. ராஜாத்தி திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாவது பரிசு. சென்னகிருஷ்ணன் சின்னராஜைத் தோளில் தூக்கிக்கொண்டான். மைக்கில், "இந்த வண்டியைத் தயார் செய்த மெக்கானிக் ஓசூர் சின்னராஜ்" என்றார்கள். கூட்டத்துக்கு மேலே அவன் கண் என்னைத் தேடியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஜூஸ் வண்டிப் பக்கம் போய்விட்டேன்.

பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம்.

21.3.94

வயிறு எரிகிறது. நேற்றை விட இன்று அதிகம். எல்லா டீக்கடையிலும் அதே பேச்சு.

குல்ஷனிடம் ராஜாத்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குல்ஷன் சோறு போடும்போது, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா" என்று இரண்டு தடவை கேட்டாள்.

10.4.94, ஞாயிறு

சாயந்தரம் கடையைச் சாத்தும் நேரம். பெங்களூர் நம்பர் ஃபியட் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஆள் தலையை நீட்டி, "ட்ரிஃப்ட் வண்டி செய்யற சின்னராஜ் ஷெட் இதுதானா?" என்று கேட்டார்.

இதுதான் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். அவனை விட நன்றாகவே செய்திருப்பேன், முன்பக்கத்தை.

"இல்லைங்க. நேராப் போய் பாகலூர் ரோட்டுல திரும்புங்க. இடது கைப் பக்கம்."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். வண்டி திரும்பும்போது முன்னால் எங்கோ ஒரு ரப்பர் புஷ் தேய்ந்து கிர்ரென்றது. சின்னராஜுக்கு இது கேட்குமா என்று நினைத்தேன்.

கேட்கும். அவனுக்கும் நல்ல காது.