அப்பா வருவார் என்று எழுதிய தாத்தா

அப்பாசியா, குவைத்
டிசம்பர் 2

அன்புள்ள கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு,

ஸ்தோத்திரம். என் பெயர் ஷாஜினி. வயது எட்டு. பள்ளிக்கூடம் போகவில்லை, அம்மாதான் வேதாகமத்தை வைத்து எழுதப் படிக்கச் சொல்லித்தந்தார்கள். சபைப் பிள்ளைகளுக்கு நீங்கள் பதில் போடுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு அருணா ஆன்ட்டி சொன்னார்கள். இதை அவர்களிடம்தான் கொடுத்துவிடுகிறேன்.

எனக்குப் பொம்மை வேண்டாம். அப்பா வெளியே போய்ப் பதினாறு நாள் ஆகிறது. பெயர் செல்வின், ஊர் குளச்சல். நீங்கள் எல்லா வீட்டுக்கும் போவீர்களே, எங்கேயாவது பார்த்தீர்களா?

ஷாஜினி

*

வட துருவம்
டிசம்பர் 5

என் செல்லக்குட்டி ஷாஜினி,

உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது! அப்பா தூரத்தில் எங்கோ ட்யூட்டியில் இருப்பார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கண்டிப்பாக உன் வீட்டுக் கதவைத் தட்டுவார். சமர்த்தாக இரு. இத்துடன் ஒரு கலர் பென்சில் பெட்டி.

முத்தங்களுடன்,
கிறிஸ்துமஸ் தாத்தா

*

அப்பாசியா
டிசம்பர் 11

தாத்தாவுக்கு ஸ்தோத்திரம்.

பென்சில் கிடைத்தது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யார் தட்டினாலும் மூச்சு விடாமல் இருப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் மூன்று பேருக்கும் விசா முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று மத்தியானம் யாரோ தட்டினார்கள். “எட்டி, தொறக்காத!” என்று அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவருவதற்குள், “அப்பா!” என்று திறந்துவிட்டேன்.

அப்பா இல்லை. கட்டடத்துக்காரரின் ஆள். அடையாள அட்டை கேட்டார். அம்மா கும்பிட்டார்கள். எங்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, “அடுத்த வியாழக்கிழமையும் இங்கே இருந்தால் போலீஸ் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. துணிகளைப் பையில் வைக்கிறார்கள், திரும்ப வெளியே எடுக்கிறார்கள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஏன் தாத்தா, அப்பா வருவார் என்று எழுதினீர்கள்?

ஷாஜினி

*

அப்பாசியா
டிசம்பர் 14

அன்பு ஷாஜினி,

இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. நான் தாத்தா இல்லை. என் பெயர் சுகிர்தராணி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று ட்யூட்டி முடிந்து வந்து, சபையில் உட்கார்ந்து முப்பது கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். உன் அப்பா எங்கே என்று விசாரிக்காமலே, வருவார் என்று எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. கதவைத் திறந்ததற்காக நீ அழக் கூடாது.

காவலில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் யேசுதாசன் அண்ணனிடம் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அப்பா உயிரோடு இருக்கிறார். ஊருக்கு அனுப்புவதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். குடும்பம் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் “மாஃபி, இல்ல, எனக்கு ஆருமில்ல” என்றே அரபியும் தமிழுமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் உன் முதல் கடிதத்தைக் காட்டினாராம். “இது ஆரு பிள்ளையோ, எனக்குத் தெரியாது” என்றாராம். ஆனால் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

அம்மாவும் நீயும் தூதரகத்தில் போய்ச் சொன்னால் ஊருக்கு அனுப்ப வழி செய்வார்கள். அதற்கு முன் சில நாள் அடைத்தும் வைக்கலாம். பயப்படாதே என்று எழுத மாட்டேன். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். எதுவரை விடுவார்களோ அதுவரை கூட வருவேன்.

சுகிர்தராணி

*

குளச்சல்
ஜனவரி 4

சுகிர்தராணி ஆன்ட்டிக்கு ஸ்தோத்திரம்.

எங்களை எட்டு நாள் வைத்திருந்தார்கள். நான்கு பேர் படுக்கும் அறையில் பதினொரு பேர். கிறிஸ்துமஸ் அன்று ஒரு அக்கா பாட்டுப் பாடினார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

விமானத்தில் நானும் அம்மாவும் முதலில் ஏறினோம். கடைசியாகப் போலீஸ்காரரோடு அப்பா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான் கூப்பிடப் போனேன். “விளிக்காத மோளே. நம்மளயும் அனுப்புறது அவருக்குத் தெரியாது. நாம மாட்டிக்கிடக் கூடாதுன்னு நினைக்காரு” என்று அம்மா என் காதில் சொன்னார்கள்.

விமானம் மேலே ஏறி, கீழே கடல் தெரிந்த பிறகுதான் எழுந்து வந்தார். எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “பிள்ளைக்கு எத்தனை வயசு ஆச்சு?” என்று வேற்றாள் மாதிரி அம்மாவிடம் கேட்டார். கேட்டுக்கொண்டே என் தலையில் கை வைத்தார். விமானப் பணிப்பெண் வந்து உட்காரச் சொல்லும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

இப்படிக்கு,
செல்வின் மகள் ஷாஜினி